சாட்சி சொல்ல வந்த ஆவிகள்: மணிபல்லவத்திலிருந்து மாலி அல்மேதா வரை

கொலையுண்டவனின் ஆவி ஒருபுறம், உயிரோடிருக்கும் துப்பறிவாளர் மறுபுறம், இருவருமாகச் சேர்ந்து ஒரு மரணத்தின் மர்மத்தை அவிழ்ப்பது என்பது மர்ம நாவல்களில் இன்று ஒரு தனி வகையாகவே வளர்ந்து நிற்கிறது. இதன் மூலவேரைத் தேடுவோர் வழக்கமாகச் சேக்ஸ்பியரின் ஹம்லெட்டில் போய் நிற்பார்கள். தந்தையின் ஆவி வந்து, தான் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டதை மகனுக்குச் சொல்கிறது. மகனோ ஆவியின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், நாடகமொன்றை நடிக்கச்செய்து சிற்றப்பனின் முகத்தைச் சோதிக்கிறான். 1969இல் பிரித்தானியத் தொலைக்காட்சி, இறந்துபோன துப்பறிவாளரும் உயிரோடிருக்கும் அவருடைய பங்காளியும் சேர்ந்து துப்புத்துலக்கும் தொடர் ஒன்றையே ஒளிபரப்பியது.

இவ்வகைக் கதைகளின் இயக்கம் எளிமையானது. இறந்தவருக்கு உண்மை தெரியும். செயற்படக் கைகள் இல்லை. உயிரோடிருப்பவருக்குக் கைகள் உண்டு, உண்மை தெரியாது. இவ்விருவரும் சந்திக்கும் இடமே கதை.

பொழுதுபோக்குக்கான ஒரு கற்பனை உத்தி என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் எங்கள் நாட்டில், எங்கள் தீவுகளில், இந்தக் கதைக்கு வேறொரு கனம் இருக்கிறது. தமிழில் இதன் மிகப் பழைய வடிவம் நிகழும் இடமாகப் பலராலும் சுட்டப்படுவது நயினாதீவு. அங்கிருந்து தொடங்கினால்தான், 2022இல் புக்கர் பரிசு பெற்ற இலங்கை நாவல் ஒன்று எதைக் கேட்கிறது என்பதும் தெளிவாக விளங்கும்.

மணலுக்கடியில் இருந்த எலும்புக்கூடு

புங்குடுதீவின் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகேறினால் கால்மணி நேரமளவில் நயினாதீவு வந்துவிடும். நாகபூஷணி அம்மன் ஆலயமும் நாகதீப விகாரையும் ஒரே கரையோரத்தில் சற்றுத் தள்ளித்தள்ளி நிற்கும் சிறு தீவு அது. மகாவம்சம் சொல்லும் நாகதீபம் இதுவே எனப் பௌத்தர்கள் வணங்குகிறார்கள். மணிமேகலைக் காப்பியம் பாடும் மணிபல்லவம் இதுவே எனத் தமிழறிஞர் பலர் கருதுகிறார்கள். உடன்படாத அறிஞர்களும் உண்டு. காப்பியம் புகாரிலிருந்து தெற்கே முப்பது யோசனை என்று தூரம் சொல்கிறதேயன்றி வரைபடம் தரவில்லை. ஆயினும் தீவு மக்களின் நினைவில் மணிபல்லவமும் நயினாதீவும் ஒன்றாகவே கலந்துவிட்டன.

பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக நான் மணிமேகலையைப் படித்தபோது, அமுதசுரபியும் அறக்கோட்டமும் பௌத்த தருக்கமுமே எங்களுக்குக் கற்பிக்கப்பட்டன. சீத்தலைச் சாத்தனார் அதற்குள் ஒரு மரண விசாரணையையும் ஒளித்து வைத்திருக்கிறார் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே கவனித்தேன்.

ஆபுத்திரன் கதையை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அள்ளக் குறையாத பாத்திரத்துடன், பசித்தவரைத் தேடிச் சாவகம் நோக்கிக் கப்பலேறுகிறான். வழியில் காற்றுமழையால் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. கரையிறங்கியவன் திரும்பி ஏறிவிட்டான் என்று எண்ணி, இரவோடிரவாகக் கப்பலை எடுத்துச் சென்றுவிடுகிறார்கள். ஊட்டுவதற்கு ஒருவருமில்லாத தீவில், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாதிருந்து உயிர் துறக்கிறான். பிறகு சாவக நாட்டில் பிறந்து புண்ணியராசன் என்ற மன்னனாகிறான்.

இதற்குப் பின் வருவதே நம் பொருளுக்குரியது. இருபத்தைந்தாவது காதையில் மணிமேகலை அம்மன்னனை மணிபல்லவத்திற்கு வரச்செய்கிறாள். அங்குள்ள புத்த பீடிகை, கையிலெடுத்த கண்ணாடி முகத்தைக் காட்டுவதுபோல், முற்பிறப்பை அவனுக்குக் காட்டிவிடுகிறது. கதை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் தீவதிலகை என்ற காவல் தெய்வம் தோன்றி, பொய்கைக்கரைப் புன்னை மரத்தடியைச் சுட்டிக்காட்டுகிறது: உன் பழைய உடலின் எலும்புகள் இங்கே; உன்னை விட்டுச் சென்றதை உணர்ந்து தேடிவந்து, நீ இறந்ததறிந்து தாமும் உயிர்விட்ட செட்டிகள் ஒன்பதின்மரின் எலும்புகள் அங்கே; அவர்களோடு வந்து இறந்தோரின் எலும்புகள் அதோ. இவ்வளவும் சொன்ன தெய்வம், மன்னனை வாழ்த்தவில்லை. உன் உயிரையும் நீ கொன்றாய், உனக்காக இரங்கி வந்தவர்களின் உயிரையும் கொன்றாய், அரசனாகிவிட்ட நீ கொலைகாரன் அல்லனோ என்ற பொருளில் குற்றஞ்சாட்டுகிறது.

மன்னன் மணலைத் தோண்டுகிறான். தசை கழன்று போயும் கட்டுக் குலையாமல், அமர்ந்த கோலத்திலேயே, வெண்சுதை பூசியதுபோல் இருக்கிறது எலும்புக்கூடு. கண்டு மயங்கியவனை மணிமேகலை தேற்றுகிறாள்.

இறந்தவன், துப்பறிபவன், குற்றஞ்சாட்டப்பட்டவன் மூவரும் ஒருவனே ஆகிவிடும் இந்தக் காட்சிக்கு நிகரானதொன்றை நான் வாசித்த மர்மக் கதைகளில் காணவில்லை. அதைவிட முக்கியமானது, மன்னன் தோண்டினான் என்பது. பீடிகை காட்டிவிட்டது, தெய்வம் இடம் சொல்லிவிட்டது. நம்புவதற்கு அவை போதும். ஆயினும் எலும்பு வெளியே வந்தாகவேண்டும் என்று சாத்தனார் கருதியிருக்கிறார். எத்தனை பேர், யார் யார், எந்த வரிசையில் இறந்தார்கள் என்ற விவரமும் அவருக்கு வேண்டியிருக்கிறது. ஆறாம் நூற்றாண்டளவினது எனப் பலர் கருதும் ஒரு நூலில் இவ்வளவு ஒழுங்கான மரண விசாரணை இருப்பதை நினைத்து நான் பலமுறை வியந்திருக்கிறேன்.

உதயகுமரன் கொலையிலும் இதே முறைதான். அரசகுமாரனைக் காஞ்சனன் என்ற விஞ்சையன் இருளில் வாளால் வெட்டிவிட்டுப் போகிறான். தூணில் உறையும் கந்திற்பாவை நடந்ததை உரைக்கிறது. பிறகு முனிவர்கள் அரசனிடம் போய் முறைப்படி செய்தியைத் தெரிவிக்கிறார்கள். மறைந்தது வெளிப்பட ஒரு தெய்வக்குரல், அது அரசனின் காதுக்குப் போகச் சில மனிதர்கள் என்று வேலை பகிரப்படுகிறது.

தமிழ்த் துப்பறியும் நாவலில் பேய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் தமிழில் துப்பறியும் நாவலை வளர்த்தபோது, ஆங்கில மூலங்களோடு ஆங்கில நீதிமுறையின் மீதான நம்பிக்கையும் சேர்ந்தே வந்தது. அந்த மரபில் பேய் பெரும்பாலும் வேடம். இறுதி அத்தியாயத்தில் முகமூடி கழலும். சொத்துக்காக ஆடிய நாடகம் வெளிப்படும். எண்பதுகளின் தொடக்கத்தில் குமுதம் இதழில் சுஜாதா எழுதிய 'கொலையுதிர் காலம்' தொடரும் இந்தக் கேள்வியையே நவீனப்படுத்தியது. கணேஷும் வசந்தும் பேயா, விஞ்ஞானமா என்று வாதிட்டுக்கொண்டே போவார்கள். பி. டி. சாமி போன்றோர் பேய்க்கதைகளைத் தனியே எழுதினார்கள், அவை அச்சமூட்டுவதற்கானவை.

அந்த நாவல்களில் ஆவி உண்மையாக வந்து சாட்சி சொல்லவேண்டிய தேவை ஏற்படவில்லை. காரணம், அங்கே பொலிஸ் வரும், பிரேத பரிசோதனை நடக்கும், நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் என்பது எழுதுபவருக்கும் வாசிப்பவருக்கும் பொதுவான நம்பிக்கையாக இருந்தது. அந்த நம்பிக்கை அழிந்த இடத்தில் நாவல் என்ன செய்யும்?

சட்டம் மூடிய கதவு

இலங்கையின் 1979ஆம் ஆண்டு 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டக்கோவை, சந்தேகத்திற்கிடமான மரணம் ஒவ்வொன்றிலும் விசாரணையை வேண்டுகிறது. நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ சடலத்தைப் பார்க்கவேண்டும். சட்ட வைத்திய அதிகாரி காரணத்தைச் சொல்லவேண்டும். உறவினர் அடையாளம் காட்டவேண்டும். இது சிறிய சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மனிதன் இறந்தான், அவனுக்கு இந்தப் பெயர், இந்தக் காரணத்தால் இறந்தான் என்று அரசு ஒப்புக்கொள்ளும் முதல் இடம் அதுதான்.

1983 ஜூனில், நாடு தழுவிய கலவரத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, அவசரகால ஒழுங்குவிதி 15 ஏ கொண்டுவரப்பட்டது. மரண விசாரணையோ பிரேத பரிசோதனையோ இன்றியே சடலங்களைப் புதைக்கவும் எரிக்கவும் அது வழிசெய்தது. பின்னர் எண்பதுகளின் இறுதியில் தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி அடக்கப்பட்டபோதும் இதையொத்த விதிகள் பயன்பட்டன. வடக்கில் புதைக்கப்பட்ட தமிழ் இளைஞனுக்கும் தெற்கில் டயரில் எரிக்கப்பட்ட சிங்கள இளைஞனுக்கும் பொதுவாகக் கிடைத்தது இந்த விசாரணையின்மைதான்.

நான் தொண்ணூறுகளில் பத்திரிகை ஆசிரியபீடத்தில் சேர்ந்தபோது, எங்கள் செய்தித் தமிழில் இரண்டு சொற்றொடர்கள் நிலைபெற்றிருந்தன: 'இனந்தெரியாதோர்', 'அடையாளம் காணப்படாத சடலம்'. முன்னது கொன்றவருக்கு, பின்னது கொல்லப்பட்டவருக்கு. எழுவாயும் இல்லாத செயப்படுபொருளும் இல்லாத செய்திகளை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கிறோம். பிரதேச நிருபர்களுக்குப் பல வேளைகளில் பெயர்கள் தெரிந்தே இருந்தன. எழுதினால் அடுத்த செய்தி அவர்களைப் பற்றியதாக இருக்கும் என்பதும் தெரிந்திருந்தது.

நயினாதீவுக் கடலும் இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. அங்கே நாகபூஷணி அம்மன் ஆலய வளாகத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் அந்நிய வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் சாசனம் அது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உரியவருக்கு. வாணிபப் பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. கடல் விழுங்கியதற்குக் கரையில் கணக்கு இருக்கவேண்டும் என்று எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டினார்கள்.

1985 மே 15 அன்று நெடுந்தீவு மாவிலித்துறையிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட 'குமுதினி' பயணிகள் படகு, நயினாதீவுக்கு அண்மைக் கடலில் வழிமறிக்கப்பட்டது. பெண்கள், குழந்தைகள் உட்படக் குறைந்தது 23 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். முந்தைய நாள் அனுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பேரைக் கொன்றிருந்தார்கள். அந்தப் பழியை இந்தப் படகு சுமந்தது என்று கருதுவோர் உண்டு. வந்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியோர் சொன்னார்கள், அரசு மறுத்தது. இங்கே ஆவி வந்து சொல்லவேண்டிய அவசியமே இருக்கவில்லை. காயத்தோடு கரையேறிய மனிதர்களே சாட்சி. இருந்தும் எவரும் தண்டிக்கப்படவில்லை. உடைந்த கப்பலின் யானைக்குக் கணக்கு வைத்த கடலில், வெட்டுண்ட மனிதருக்குக் கணக்கு இல்லாமற் போயிற்று.

ஏழு இரவுகள் அவகாசம் பெற்ற ஆவி

இந்த இடத்தில்தான் ஷெஹான் கருணாதிலகவின் நாவல் வந்து சேர்கிறது. 2020இல் இந்தியாவில் வேறொரு தலைப்பில் வெளிவந்து, பின்னர் திருத்தி எழுதப்பட்டு, 'மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2022இல் இலண்டனில் பதிப்பிக்கப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அதற்குப் புக்கர் பரிசு கிடைத்தது. கதை நிகழ்வது 1990இல், கொழும்பில். போர்ப் படப்பிடிப்பாளனான மாலி இறந்துகிடக்கிறான். உடல் பேரை வாவியில். மறுவுலகம் எங்கள் அரச அலுவலகம் போலவே வரிசைகளும் படிவங்களுமாக இருக்கிறது. தன்னைக் கொன்றது யார் என்று அறியவும், தான் எடுத்து மறைத்துவைத்த படங்களை உலகுக்குக் காட்டவும் அவனுக்கு ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள், அவகாசம். அந்தப் படங்களில் 1983 கலவரத்தின் சாட்சியங்களும் உண்டு. உயிருலகில் அவனைத் தேடுகிறவர்கள் ஜக்கி என்ற தோழியும், அவன் நேசித்த டிடி என்ற தமிழ் இளைஞனும். ஆவிக்கு உண்மையின் பாதி தெரியும். இளைஞர்களுக்கு மறுபாதியை எடுக்கக் கைகள் உண்டு.

2009இல் போர் முடிந்தபின், எத்தனை பொதுமக்கள் இறந்தார்கள், யார் பொறுப்பு என்ற சர்ச்சை ஓயாதிருந்தபோது, இறந்தவர்களே பேசினால் என்ன என்று தோன்றியதாக ஆசிரியர் கூறியிருக்கிறார். இந்த விடையில் எனக்கு நாவல் முழுதும் அடங்கியிருப்பதாகப் படுகிறது. கணக்கெடுக்க வேண்டியவர்கள் கணக்கெடுக்காதபோது, கணக்கில் விடுபட்டவர்களே வாயைத் திறக்கவேண்டியிருக்கிறது.

நாவலின் ஆவிகளில் சிலருக்கு நிஜ முகங்கள் உண்டு. மாலிக்கு வழிகாட்டும் வெண்சேலைத் தமிழ் விரிவுரையாளர், 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக்கொல்லப்பட்ட டொக்டர் ராஜினி திராணகமவை நினைவூட்டுகிறார். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவரான ராஜினி, யாழ். பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்தவர். அவரைக் கொன்றவர்கள் புலிகளே என்று அவரோடு பணியாற்றிய மனித உரிமை ஆசிரியர்கள் எழுதினார்கள். எவரும் நீதிமன்றில் நிறுத்தப்படவில்லை.

மாலியின் பின்னால் நிற்பவர் றிச்சர்ட் டி சொய்சா. பத்திரிகையாளரும் நடிகருமான அவரை 1990 பெப்ரவரி 18 அன்று கொழும்பில் வீடுபுகுந்து கொண்டுசென்றார்கள். மறுநாள் உடல் மொறட்டுவைக் கரையில் ஒதுங்கியது. அந்த வழக்கில் உண்மையான துப்பறிவாளராக விளங்கியவர் அவருடைய தாய், தமிழரான டொக்டர் மனோராணி சரவணமுத்து. மகனைக் கொண்டுசென்றவர்களுள் ஒருவரைப் பின்னர் தொலைக்காட்சியில் பார்த்து, இவர் பொலிஸ் உயரதிகாரி என்று அடையாளம் கண்டு சொன்னார். மிரட்டல் வந்தபோதும் பின்வாங்கவில்லை. பிள்ளைகளை இழந்த சிங்களத் தாய்மாரோடு அன்னையர் முன்னணியில் நின்றார். 2001இல் அவர் காலமானார். குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று பொலிஸாரும் 2005இல் விடுவிக்கப்பட்டனர்.

ஆவியும் சான்றும்

ஆவிகள் சொல்வதெல்லாம் மெய் என்று நான் வாதிட வரவில்லை. குரோசாவாவின் 'ரஷோமொன்' படத்தில் இறந்த வீரன் ஒரு பூசாரியின் வாய்வழியே சாட்சி சொல்கிறான். அவனும் தன் மானத்தைக் காக்கும் விதமாகவே சொல்கிறான். மாலியின் கதையிலும் சேன என்ற ஆவிக்கு நீதியைவிடப் பழிவாங்கலே வேண்டியிருக்கிறது. இறந்தவர் பெயரால் பேசுவோர் எங்கள் அரசியலிலும் குறைவில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கையை ஒரு தரப்பு கூட்டும், மறுதரப்பு குறைக்கும். அதனால்தான் உயிரோடிருக்கும் துப்பறிவாளர் இக்கதைகளுக்கு இன்றியமையாதவராகிறார். ஆவியின் குரல் விசாரணையின் முடிவல்ல. அது ஒரு முறைப்பாடு.

மட்டக்களப்பில் போர்க்கால அம்மன் கோயில்களை ஆராய்ந்த மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், காணாமற்போன பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று தாய்மார் தெய்வமேறி வாக்குச் சொல்வோரிடம் கேட்டதைப் பதிவு செய்திருக்கிறார். முகாம் வாசலில் விடை கிடைக்காதவர்கள் கோயில் வாசலுக்குப் போனார்கள். இதை மூடநம்பிக்கை என்று சொல்வது எளிது. ஆனால் அந்தத் தாய்மாரே முறைப்பாட்டுப் பிரதிகளையும் புகைப்படங்களையும் பையில் சுமந்துகொண்டு ஆணைக்குழுக்கள் முன்னும் வரிசையில் நின்றார்கள். வாக்குக் கேட்பதும் சான்று கேட்பதும் அவர்களுக்கு ஒன்றையொன்று விலக்கும் செயல்களாக இருக்கவில்லை.

மணலைத் தோண்டும் வேலையும் இங்கே நிஜமாகவே நடந்தது. கிருசாந்தி குமாரசுவாமி கொலைவழக்கில் 1998இல் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர் என்றார். 1999இல் 15 உடல்கள் எடுக்கப்பட்டன. பிறகு நெடுங்காலம் மௌனம். 2025 பெப்ரவரியில் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்காக மண்ணைத் தோண்டியவர்கள் எலும்புகளைக் கண்டார்கள். நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. குழந்தைகளுடையவையும் இருந்தன, ஒன்றன் அருகே பள்ளிப் பை. ஓகஸ்டில் உடைகளையும் பொருட்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, யாராவது இனங்காண முடியுமா என்று கேட்டார்கள்.

தீவகத்தில் மண்டைதீவுக் கிணறுகள் இருக்கின்றன. 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுகளுக்குள் வந்தபோது பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர்களின் உடல்கள் அவற்றில் உள்ளன என்று ஊரவர்கள் சொல்லிவருகிறார்கள். அகழ்ந்து பார்க்கவேண்டும் என்று கோருகிறார்கள். அந்தத் தாய்மாருள் பலர் இப்போது இல்லை. எலும்பு வெளிவந்தாலும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க உறவு வேண்டும்; சட்டையின் நிறத்தைப் பார்த்து 'இது என் பிள்ளையுடையது' என்று சொல்ல நினைவு வேண்டும். காலதாமதத்தால் அழிவது எலும்பு மட்டுமன்று, அதை அடையாளம் காட்டக்கூடியவர்களும்தான். மாலிக்கு ஏழு இரவுகள் அவகாசம் என்றால், எங்கள் முதியோருக்கு மிஞ்சியிருப்பது சில ஆண்டுகள்.

கருணாதிலகவின் மறுவுலகில் ஒரு விதி உண்டு. தன் உடல் போன இடங்களுக்கும் தன் பெயர் உச்சரிக்கப்படும் இடங்களுக்கும் மட்டுமே ஆவி செல்லமுடியும். சாத்தனாரின் தீவதிலகையும் கப்பலோடு போய் மறந்த ஒருவனின் பெயரையும் அவனைத் தேடி வந்தவர்களின் தொகையையும் காத்துவைத்திருந்தது. உரியவன் வந்தபோது, இடத்தைக் காட்டியது. தோண்டும் வேலையை மட்டும் அவனிடமே விட்டது.